முதல் சொட்டு அம்பலத்துக்கு

உங்கள் ஊரில் ஒரு குதிரைக்கு வயிற்றுவலி வந்தால் முதலில் யாருக்கு ரத்தம் எடுத்துப் பார்ப்பீர்கள்?

குதிரைக்கு என்றுதானே சொல்ல வருகிறீர்கள்? சொல்வீர்கள். உங்களுக்கு முறையும் தெரியாது, மரியாதையும் தெரியாது. முக்கரைப்பட்டியில் போய் இந்தப் பதிலைச் சொல்லிப் பாருங்கள். உட்கார வைத்து, ஒரு செம்பு தண்ணீர் கொடுத்து, பாவம் வெளியூர் என்று அனுப்பி வைப்பார்கள்.

முக்கரைப்பட்டியில் எது வந்தாலும் முதல் மரியாதை சாமிக்கு. அடுத்தது மேலக்கரை சோணைமுத்து அம்பலத்துக்கு. அவர்தான் ஊர்த்தலைவர். அதற்கடுத்தது கீழக்கரைப் பெரியவர் பொன்னழகுக்கு. அப்புறம்தான் மற்றதெல்லாம். கோயில் பிரசாதத்துக்கு மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். ஊருக்குப் புது பஸ் விட்டபோது, அம்பலம் ஏறாமல் யாரும் ஏறக்கூடாது என்று கட்டுப்பாடாக நின்றார்கள். அம்பலமோ மகனுக்குப் பெண் பார்க்கப் போயிருந்தார். மூன்று நாள் அந்த பஸ் காலியாக வந்து காலியாகப் போனது. கண்டக்டர் மட்டும் நன்றாகத் தூங்கினார்.

போலியோ சொட்டு மருந்து கொடுக்க நர்சம்மா வந்த கதை இதைவிட நல்லது. இது பிள்ளைகளுக்கு, அஞ்சு வயசுக்குள்ளே இருக்கிற பிள்ளைகளுக்கு என்று அவர் தொண்டை வறளச் சொன்னார். அம்பலத்துக்கு வயது அறுபத்திரண்டு. நாக்கை நீட்டிக்கொண்டு வரிசையில் முதல் ஆளாக நின்றார். கடைசியில் நர்சம்மா ஒரு சொட்டு விட்டு, சுண்டுவிரலில் மையும் வைத்து அனுப்பினார். பின்னாலேயே பொன்னழகு நின்றார்.

இப்படிப்பட்ட ஊரில் ஒரு குதிரை இருந்தது. பெயர் பஞ்சவர்ணம். நிறம் ஒன்றுதான், செவலை. வெள்ளத்தாயி என்கிற பெண் அதை வைத்து வண்டி ஓட்டினாள். மெயின் ரோட்டிலிருந்து ஊருக்கு ஆளையும் மூட்டையையும் ஏற்றி வருவாள். இடுப்பில் ஒரு பிள்ளை, கையில் கடிவாளம், இவ்வளவுதான் அவள் குடும்பம். பஞ்சவர்ணம் படுத்தால் வெள்ளத்தாயி வீட்டு அடுப்பும் கூடவே படுத்துவிடும். திருவிழாக் காலத்தில் அம்பலத்துக்கு முன்னால் அலங்காரமாக நடந்து போவதும் இதே குதிரைதான்.

கால்நடை டாக்டர் அருள்மேரிக்கு நாற்பது ஊர். ஒவ்வொரு ஊருக்கும் ஓடி வர முடியவில்லை. அதனால் உள்ளங்கையில் அடங்குகிற ஒரு சின்னப் பெட்டியை ஒருநாள் கொண்டு வந்து கொடுத்தார்.

"குதிரைக்கு வயித்துவலி வந்தா ஒரு எடத்துல நிக்காது. காலால மண்ணைப் பறிக்கும், வயித்தைத் திரும்பித் திரும்பிப் பாக்கும். அப்போ ஊசியால லேசாக் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்து இந்தப் பட்டையில வைங்க. பட்டையைப் பெட்டியில சொருகுங்க. குடல் கெட்டுப்போச்சுன்னா ரத்தத்துல ஒரு அமிலம் ஏறும். அதைப் பெட்டி எண்ணாக் காட்டும். ரெண்டுக்குள்ள இருந்தா பயமில்ல. நாலைத் தாண்டினா ஆபத்து."

பெட்டியைக் கருத்தக்கண்ணு வாங்கிக்கொண்டார். எட்டாம் வகுப்பை மூன்று வருடம் படித்தவர் அவர். மற்றவர்கள் எல்லாம் ஒரே வருடத்தோடு விட்டவர்கள். ஆகவே ஊரிலேயே அதிகம் படித்தவர்.

டாக்டர் அவரிடம் மூன்று விஷயத்தை அழுத்திச் சொன்னார்.

"போன்ல கதை சொல்லாதீங்க, எனக்கு நேரமிருக்காது. எண்ணை மட்டும் சொல்லுங்க. நான் கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க. ரெண்டாவது, எந்த ரத்தத்தைப் பாத்தீங்களோ அதுக்குத்தான் வைத்தியம். போன மாசம் ஒரு ஊர்ல ஒரு குதிரையோட ரத்தத்தைப் பாத்துட்டு இன்னொண்ணுக்கு மருந்து குடுத்துட்டாங்க. மூணாவது, நான் சொல்றதை அப்படியே செய்யணும். சொந்த மூளையைப் போடக்கூடாது."

மூன்றாவதைப் பற்றிக் கருத்தக்கண்ணு கவலைப்படவே இல்லை. ஊரே அதில் பரம்பரையாகத் தேர்ந்திருந்தது.

அன்றைக்கே ஒரு தவறு நடந்துவிட்டது. செய்து காட்டுகிறேன் என்று டாக்டர், பஞ்சவர்ணத்தின் கழுத்தில் குத்தி முதல் சொட்டை எடுத்துவிட்டார். கூட்டம் அப்படியே உறைந்து நின்றது. அம்பலம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனார். இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் ஊர் கூடி, அடுத்த முறை முறைப்படிதான் நடக்கும் என்று தீர்மானம் போட்ட பிறகுதான் இரண்டு வாய் சாப்பிட்டார்.

இது நடந்து ஒரு மாதம் கழித்து, ஒரு காலை நேரத்தில், வெள்ளத்தாயி பிள்ளையோடு ஓடி வந்தாள். பஞ்சவர்ணம் கயிற்றை அறுத்துக்கொண்டு, ஊறவைத்த கொண்டைக்கடலை ஒரு கூடையைத் தின்றுவிட்டது. இப்போது மண்ணைப் பறிக்கிறது, வயிற்றைப் பார்க்கிறது, படுக்கப் பார்க்கிறது.

"அந்தப் பெட்டியை எடுத்தாங்கண்ணே" என்றாள் கருத்தக்கண்ணுவிடம். "சீக்கிரம்."

"பெட்டி வரும். மொதல்ல தப்பட்டை வரட்டும்" என்றார் கருத்தக்கண்ணு.

ஊர் கூடியது. பெட்டியில் மொத்தம் ஐந்து பட்டைகள் இருந்தன. முதல் பட்டையை எடுத்துக்கொண்டு, தப்பட்டை முழங்க, எல்லைக் கோயிலுக்குப் போனார்கள். சாமியின் மண்குதிரை அங்கே பதினாறு அடி உயரத்தில் நிற்கிறது. கருத்தக்கண்ணு ஏணி வைத்து ஏறி அதன் கழுத்தில் குத்தினார். ஊசி வளைந்தது. பட்டையைத் தடவி எடுத்துப் பெட்டியில் சொருகினார். பெட்டி ஒரு கோட்டை மட்டும் காட்டியது.

"எண்ணே இல்ல" என்று மேலே இருந்து அறிவித்தார்.

"சாமி குதிரை. அதுக்கென்ன கொறை" என்று கீழே கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

"அண்ணே, என் குதிரை அங்க கெடந்து துடிக்குதுண்ணே" என்றாள் வெள்ளத்தாயி.

"உன் குதிரைக்கு இல்லேன்னு யாரு சொன்னது? கடைசிப் பட்டை அதுக்குத்தான். மொறைன்னு ஒண்ணு இருக்குல்லத்தா."

இரண்டாவது பட்டை அம்பலத்துக்கு. மனுசன் விரலை நீட்டிக்கொண்டு, மாப்பிள்ளை மோதிரம் போட்டுக்கொள்வதுபோல் முகத்தை வைத்துக்கொண்டார். குத்தினார்கள். பெட்டி ஒன்று புள்ளி ஆறு என்றது. கருத்தக்கண்ணு போன் போட்டார்.

டாக்டர் எங்கேயோ ஒரு மாட்டுத் தொழுவத்தில், கன்று திரும்பிக் கிடந்த மாட்டுக்குப் பிரசவம் பார்த்துக்கொண்டிருந்தார். வேறு யாரோ போனை அவர் காதில் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

"முக்கரைப்பட்டியா? எண்ணு?"

"ஒண்ணு புள்ளி ஆறு."

"நல்லது. வயித்துல காது வெச்சுப் பாருங்க. சத்தம் கேக்குதா?"

கருத்தக்கண்ணு அம்பலத்தின் துண்டை விலக்கிவிட்டு வயிற்றில் காதை வைத்தார். அம்பலம் இன்னும் காலை ஆகாரம் சாப்பிடவில்லை.

"கேக்குது. ரெண்டு மூணு சத்தம் கேக்குது."

"ரொம்ப நல்லது. லத்தி போட்டுச்சா?"

கருத்தக்கண்ணு போனைக் கையால் மூடிக்கொண்டார். இதை எப்படிக் கேட்பது என்று ஒரு சின்ன ஆலோசனை நடந்தது. சாணியை மாட்டுக்குத்தான் சொல்வது, லத்தியைக் குதிரைக்குத்தான் சொல்வது, அம்பலத்துக்கு என்ன சொல்வது என்று பேசினார்கள். கடைசியில் பொன்னழகு அம்பலத்தின் காதோடு கேட்டார்.

"விடியக்காலையே ஆச்சு" என்றார் அம்பலம் கௌரவமாக.

"போட்டாச்சு" என்றார் கருத்தக்கண்ணு போனில்.

"அப்போ பயமில்ல. அரைமணி நேரம் மெதுவா நடத்துங்க. தின்ன ஒண்ணும் குடுக்காதீங்க. எக்காரணம் கொண்டும் படுக்க விடாதீங்க, பொரண்டா குடல் முறுக்கிக்கும். மறுபடி பாத்து எண்ணைச் சொல்லுங்க."

அம்பலம் வீட்டிலிருந்து ஆட்டு ஈரல் வறுக்கிற வாசனை வந்துகொண்டிருந்தது. கருத்தக்கண்ணு ஆள் அனுப்பி அடுப்பை அணைக்கச் சொன்னார்.

"ஏம்ப்பா, ரெண்டே துண்டு" என்றார் அம்பலம்.

"ரத்தம் யாரோடது பெரியப்பு?"

"என்னோடது."

"அப்போ வைத்தியமும் உங்களுக்குத்தான். நடங்க."

அம்பலம் நடக்க எழுந்தார். வெள்ளத்தாயி இடுப்புப் பிள்ளையை மறு இடுப்புக்கு மாற்றினாள். அவளும் அந்த ஊர்க்காரிதான். முறை என்ன என்று அவளுக்கும் தெரியும்.

"அம்பலம் ஊரைச் சுத்தி நடக்கப்போறாரு, முன்னாடி குதிரை போக வேணாமா? மொட்டையா நடந்தா பக்கத்து ஊர்க்காரன் பாத்துச் சிரிக்க மாட்டான்?" என்றாள்.

எல்லாரும் நாக்கைக் கடித்துக்கொண்டார்கள். எவ்வளவு பெரிய பிழை நடக்க இருந்தது. உடனே பஞ்சவர்ணத்தை அவிழ்த்துக் கொண்டுவந்தார்கள். அது படுக்கப் பார்த்தது. மரியாதை போகிற நேரத்தில் குதிரை படுத்தால் ஊருக்கு ஆகாது என்று நாலு பேர் அதைத் தட்டித் தட்டி நிமிர்த்தினார்கள். வெள்ளத்தாயி கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தாள்.

குதிரை மெதுவாகத்தான் நடந்தது. ஆனால் குதிரை மெதுவாக நடந்தால் அதற்குப் பெயர் நடை. அதன் பின்னாலேயே போகிற அறுபத்திரண்டு வயதுக்காரருக்கு, அதுவும் அவ்வளவு தொப்பை உள்ளவருக்கு, அதே சமாச்சாரத்தின் பெயர் ஓட்டம். அதற்குப் பின்னால் தப்பட்டைக்காரர். அவருக்குத் தெரிந்தது ஒரே அடி, மாடு விரட்டுகிற அடி. ஆகவே பின்னாலும் தயங்க வழியில்லை.

ஒரு சுற்று முடிந்தது. மூன்றாவது பட்டையைக் கருத்தக்கண்ணு கையில் எடுத்தார். அம்பலம் மூச்சு வாங்க விரலை நீட்டினார். பொன்னழகு குறுக்கே வந்து நின்றார்.

"இது எந்த ஊரு நியாயம்?" என்றார். "மேலக்கரைக்கு ஒரு குத்து, மறுபடி மேலக்கரைக்கே ஒரு குத்து. கீழக்கரைக்காரனுக்கு உடம்புல ரத்தம் ஓடலையா? இல்ல எங்க ரத்தம் பெட்டிக்குப் பிடிக்காதா?"

"டாக்டரம்மா மறுபடி பாக்கச் சொன்னாங்கல்ல மாமா."

"மறுபடி பாக்கத்தான் சொன்னாங்க. மறுபடி மேலக்கரையையே பாக்கச் சொன்னாங்களா?"

கருத்தக்கண்ணு யோசித்தார். டாக்டர் அப்படிச் சொல்லவில்லை. சொல்லாததைச் செய்தால் அது சொந்த மூளை. ஆகவே பொன்னழகைக் குத்தினார்கள். அதுவரை வேப்பமர நிழலில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தவர் அவர். பெட்டி பூஜ்யம் புள்ளி ஒன்பது என்றது.

"கொறைஞ்சிருக்கா?" டாக்டரின் குரலில் சந்தோஷம் தெரிந்தது. "அருமை. ஒரு கை பசும்புல்லு குடுத்துப் பாருங்க. தின்னுடுச்சுன்னா பாதி கவலை விட்டுச்சு."

வரப்பிலிருந்து நல்ல அருகம்புல்லாக அறுத்து வந்தார்கள். பொன்னழகு அதைக் கையில் வாங்கி, முன்னும் பின்னும் பார்த்தார்.

"அம்பலத்துக்குக் குடுத்தாங்களா?"

"இல்ல மாமா. உங்களுக்கு மட்டும்தான்."

அதற்குமேல் அவர் ஒன்றும் கேட்கவில்லை. மேலக்கரைக்குக் கிடைக்காத ஒன்று கீழக்கரைக்குக் கிடைத்திருக்கிறது. ஒரு கை புல்லையும் அம்பலம் பார்க்கும்படி நின்று மென்று தின்றார். உப்பு மட்டும் போதவில்லை என்றார்.

அந்தப் பக்கம் அம்பலத்தின் நடையை யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. டாக்டர் நிறுத்தச் சொல்லாததை ஊர் எப்படி நிறுத்தும்? இரண்டாம் சுற்று போனது. மூன்றாம் சுற்று போனது. அம்பலம் பிள்ளையார் கோயில் பக்கம் வரும்போது உட்காரப் பார்த்தார். நாலு பேர் கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கினார்கள்.

"பெரியப்பு, படுத்துப் பொரண்டா குடல் முறுக்கிக்கும்."

"நான் ஏன்டா பொரளப்போறேன்?"

"உங்களுக்குத் தெரியாது பெரியப்பு. வலியில பொரளத் தோணுமாம்."

நாலாவது சுற்றில், கோயில் வாசலுக்கு நேராக, பஞ்சவர்ணம் நின்றது. வாலைத் தூக்கியது. புது மண்சட்டியை உடைத்தமாதிரி ஒரு சத்தம், அதன் பின்னால் இன்னும் இரண்டு சத்தம், அப்புறம் கொண்டைக்கடலைத் தோலோடு குவியலாக லத்தி. வெள்ளத்தாயிக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. தன் பிள்ளைக்கு மூன்று நாள் கழித்து வயிறு இளகினபோதுகூட அவள் இப்படிச் சந்தோஷப்பட்டதில்லை.

"போட்டுருச்சு, என் தங்கம் போட்டுருச்சு" என்றாள்.

"அம்பலத்து உசுரு ஊசலாடுது, நீ லத்தியைப் பத்திப் பேசுற" என்று தப்பட்டைக்காரர் அதட்டினார்.

அம்பலத்துக்கு உண்மையிலேயே பேச்சு வரவில்லை. முகம் சிவந்து, கால் பின்னி, வேர்வை கொட்டியது. கருத்தக்கண்ணு பயந்துபோய் நாலாவது பட்டையை அவருக்கே வைத்தார். பொன்னழகும் பெருந்தன்மையாக விட்டுக்கொடுத்தார், வாயில் புல் இருந்தது. பெட்டி ஏழு புள்ளி நாலு என்றது.

இதில் பெட்டியின் மேல் ஒரு குற்றமும் இல்லை. சோறு தண்ணீர் இல்லாமல், கொழுத்த மனுசனை, வெயிலில், குதிரை வேகத்துக்கு ஓட்டினால் ரத்தத்தில் அந்த அமிலம் ஏறத்தான் செய்யும். பெட்டி பாவம், உள்ளதைச் சொன்னது.

"ஏழு புள்ளி நாலா?" டாக்டரின் குரல் மாறிவிட்டது. "இப்பத்தானே ஒண்ணுக்குக் கீழே சொன்னீங்க. புல்லு தின்னுச்சா?"

"தின்னாச்சு."

"நிக்க முடியுதா?"

"நாலு பேரு பிடிச்சிருக்கோம்."

"கடவுளே. நான் கிளம்பிட்டேன். கேளுங்க, மூக்கு வழியா வயித்துக்குக் குழாய் விடணும். உள்ள கையை விட்டும் பாக்கணும். நிழல்ல நிறுத்துங்க. ஆடாம அசையாமப் பிடிச்சுக்கங்க. வாலைத் துணி சுத்தித் தூக்கிக் கட்டி வைங்க."

போன் வைக்கப்பட்டது. டாக்டர் சொன்னதைக் கருத்தக்கண்ணு அப்படியே ஊருக்குச் சொன்னார். நாலைந்து பேர் அம்பலத்தைச் சுற்றி வந்து பின்பக்கம் பார்த்தார்கள்.

"நிழலு இருக்கு. பிடிக்க ஆளு இருக்கு. வாலுக்கு எங்க போறது?" என்றார் தப்பட்டைக்காரர்.

"வாலுன்னா என்ன? அதை மொதல்ல யோசிங்க" என்றார் கருத்தக்கண்ணு, எட்டாம் வகுப்பின் மூன்று வருடத்தையும் ஒன்றாகத் திரட்டிக்கொண்டு. "பின்னாடி தொங்குற முடி. அம்பலத்துக்குப் பின்னாடி தொங்குற முடி இருக்கா இல்லையா?"

இருந்தது. குடுமி.

"அது மேல இருக்கே" என்றார் பொன்னழகு.

"குதிரைக்குக் கீழ, அம்பலத்துக்கு மேல. அந்தஸ்து வித்தியாசம் இருக்காதா மாமா?"

அம்பலத்தின் குடுமியில் வெள்ளைத் துணியைச் சுற்றி, வேப்பங்கிளையில் தூக்கிக் கட்டினார்கள். இப்போது அவர் படுக்க நினைத்தாலும் படுக்க முடியாது. ஒரே முடிச்சில் இரண்டு வைத்தியம்.

"ஏம்ப்பா, அந்தக் குழாய் எம்புட்டு நீளம் இருக்கும்?" என்று கேட்டார் அம்பலம். தலையை அசைக்க முடியாததால் கண்ணை மட்டும் உருட்டினார்.

"ஒம்பது அடி இருக்கும் பெரியப்பு. டாக்டரம்மா வண்டியில பாத்திருக்கேன்."

"மூக்கு வழியாவா?"

"மூக்கு வழியாத்தான்."

"எனக்கு இப்ப சரியாப்போச்சுப்பா. அவுத்து விடுங்க."

"நீங்க சொல்றதை நம்புறதா, பெட்டி சொல்றதை நம்புறதா?"

டாக்டர் அருள்மேரி வந்து வண்டியை நிறுத்தியபோது ஊரே ஒதுங்கி வழிவிட்டது. வழியின் கடைசியில் அம்பலம் குடுமியில் நின்றுகொண்டிருந்தார். அவருக்குப் பக்கத்தில் பஞ்சவர்ணம், பொன்னழகுக்கு அறுத்ததில் மிச்சமிருந்த அருகம்புல்லை மென்றுகொண்டிருந்தது.

டாக்டர் முழங்கைக்கு மேல் வரும் கையுறையைப் பாதி மாட்டியிருந்தார். அம்பலம் அந்தக் கையுறையைப் பார்த்தார். வேப்பங்கிளை லேசாக நடுங்கியது.

"குதிரை நல்லாத்தானே நிக்குது" என்றார் டாக்டர். "ஏழு புள்ளி நாலு யாரோடது?"

எல்லாரும் கை காட்டினார்கள்.

"ஒண்ணு புள்ளி ஆறு?"

அங்கேயே கை காட்டினார்கள்.

"பூஜ்யம் புள்ளி ஒம்பது?"

பொன்னழகு ஒரு அடி முன்னால் வந்து கும்பிட்டார். பல்லில் பச்சையாக ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது.

டாக்டர் வண்டியின் மேல் சாய்ந்துகொண்டார். பிறகு ஐந்தாவது பட்டையை வாங்கி, குதிரைக்குக் குத்தி, பெட்டியைப் பார்த்தார். ஒன்று புள்ளி இரண்டு.

"குதிரை பொழைச்சிருச்சு" என்றார். "யாரு நடத்தினது?"

"நான்தாங்க. அம்பலத்துக்கு முன்னாடி நடத்தினேன்" என்றாள் வெள்ளத்தாயி.

"ஐயாவை அவுத்து விடுங்க, மோர் குடுங்க, படுக்க வைங்க. அவருக்கு ஒண்ணுமில்ல. அவருக்குக் குழாயும் வேணாம், ஒண்ணும் வேணாம்."

அம்பலம் ஒரு பெரிய மூச்சு விட்டார். காலையிலிருந்து அவர் விட்ட மூச்சிலேயே அதுதான் சுகமான மூச்சு. மூக்கை ஒரு முறை தடவிப் பார்த்துக்கொண்டார். அது பழைய அளவிலேயே இருந்தது.

டாக்டர் வண்டியிலிருந்து குழாயை எடுத்தார். ஒன்பது அடிக்குக் குறையாது.

"எதுக்கும் இருக்கட்டும், குதிரைக்குக் குழாய் விட்டுக் கொஞ்சம் எண்ணெய் குடுத்துடறேன். உள்ள மிச்சம் கடலை இருந்தா வழுக்கிக்கிட்டு வந்துரும்."

குழாயோடு அவர் குதிரையின் பக்கம் திரும்பினார். கூட்டம் அப்படியே உறைந்து நின்றது. தப்பட்டைக்காரர் குச்சியைக் கீழே போட்டார். கருத்தக்கண்ணு அம்பலத்தைப் பார்த்தார். அம்பலம் தரையைப் பார்த்தார், குடுமி விட்ட மட்டுக்கும்.

"ஊருக்கு வந்த மொதக் குழாயி" என்று யாரோ மெல்ல முனகினார்கள். "இதுவும் குதிரைக்கா?"

பொன்னழகு தொண்டையைச் செருமினார். துண்டால் மூக்கை அழுந்தத் துடைத்தார். "மேலக்கரைக்கு வேணாம்னா அடுத்த மொறை கீழக்கரைக்குத்தான்" என்று சொல்லிக்கொண்டே முன்னால் ஒரு அடி வைத்தார்.

அவ்வளவுதான். அம்பலம் நிமிர்ந்தார். கட்டு அவிழ்க்க வந்தவரின் கையைத் தட்டிவிட்டார். கண்ணை இறுக மூடிக்கொண்டு, முகத்தை வானத்துக்குத் தூக்கினார்.

"டாக்டரம்மா" என்றார், "ஊரு வழக்கத்தை மாத்தாதீங்க. அதை மொதல்ல எனக்கு விட்டுட்டு, அப்புறமாக் குதிரைக்கு விடுங்க."